மட்டாஞ்சேரி அரண்மனையின் பள்ளியறை

ஓர் அறையை அலங்கரிப்பது என்றால் இன்று கட்டிலும் அலமாரியும் திரைச்சீலையுமே முதலில் நினைவுக்கு வருகின்றன. கொச்சி அரசர் இல்லத்திலோ சுவரும் தரையுமே முதன்மை அலங்காரமாயின.

தோப்பும்படிக்கு வடக்கே சிறிது தொலைவில் உள்ள மட்டாஞ்சேரி அரண்மனையை 1555ஆம் ஆண்டளவில் போர்த்துக்கீசியர் கட்டி, அரசர் வீர கேரள வர்மருக்கு அளித்தனர். 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் அதைப் பழுதுபார்த்தனர். கட்டியவர் பெயர் மறைந்தது. 'டச்சு அரண்மனை' என்ற பெயரே நிலைத்தது.

உள்ளே அவ்விருவருக்கும் அதிக இடமில்லை. நடுவில் கேரள மரபுப்படி நாலுகெட்டு முற்றம். அதில் அரச குலதெய்வமான பழையன்னூர் பகவதியின் கோயில். பள்ளியறைச் சுவர்களில் ஏறத்தாழ 300 சதுர அடிப் பரப்பில் இராமாயணக் காட்சிகள். அரண்மனை ஓவியங்களுள் இவையே பழமையானவை. கருஞ்சலவைக்கல் எனத் தோன்றும் தரை, சுட்ட சிரட்டை, கரி, சுண்ணாம்பு, தாவரச் சாறு, முட்டை வெண்கரு ஆகியவற்றைக் கலந்து மெருகேற்றியது.

கட்டடம் பிறர் கொடுத்தது. அதைத் தம் வீடாக்கிக்கொண்டவர்கள் உள்ளூர் ஓவியரும் தரை மெழுகிய தொழிலாளருமே. அவர்தம் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அருங்காட்சியகமாகிவிட்ட அரண்மனையில் பல்லக்குகளைப் பார்ப்போர், ஒரு கணம் தரையையும் குனிந்து பார்க்க வேண்டும்.