ஆனையிறவு வாயிலும் அறிவுப் பண்டாரமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டையும் வன்னிப் பெருநிலத்தையும் இணைப்பது ஆனையிறவு என்னும் ஒடுங்கிய நிலப்பகுதி. வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் ஒல்லாந்தர் காலத்தில் இவ்வழியாகவே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டு வணிகர்க்கு விற்கப்பட்டன. பிற்காலத்தில் இதே வழியாக உப்பும் நெல்லும் சென்றன, புகைவண்டியும் ஓடிற்று. ஆயின் இவ்வாயிலைக் கடந்த பொருள்களுள் வரலாற்றாசிரியர் பெரிதுங் கவனியாத பொருள் ஒன்று உண்டு, அது நூல். நூல்கள் இவ்வாயிலைக் கடந்தமையும், கடக்கவியலாது தடைப்பட்டமையும், இன்று வாயிலே வேண்டாது வான்வழி செல்கின்றமையும் வடபுலத்துப் பொதுநூலக வரலாற்றின் மூன்று அதிகாரங்களாகும். அவற்றைச் சுருங்க ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

பொதுநூலகம் என்பது மேலைநாட்டார் தந்த அமைப்பாயினும், நூலைப் பேணுங் கலை தமிழர்க்குப் புதியதன்று. பனையோலை நெடுங்காலம் நில்லாது. செல்லரிக்கும், ஒடியும், நீரில் அழியும். ஆகவே நம் முன்னோர் ஏட்டைப் பெட்டியிற் பூட்டி வைத்ததனால் மட்டும் நூலைக் காத்தாரல்லர்; தலைமுறைதோறும் பெயர்த்தெழுதிக் காத்தனர். ஓர் ஊரிற் சிதைந்த ஏடு பிறிதோர் ஊரில் முழுமையாகக் கிடைத்தது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் அதே ஆண்டிற் சீவக சிந்தாமணியையும் பதிப்பித்து வெளியிட முடிந்தது எதனால்? ஒரே நூலின் பல படிகள் பல இடங்களிற் சிதறிக் கிடந்தமையாலன்றோ! படி பலவாதலே நூலுக்குக் காப்பு என்னும் இவ்வுண்மையை மாணவர் மனத்திற் கொள்வாராக. பின்வரும் வரலாறு முழுவதற்கும் அதுவே திறவுகோல்.

யாழ்ப்பாணப் பொதுநூலகம் அரசினராற் பிறந்ததன்று. க. மு. செல்லப்பா என்பவர் 1933ஆம் ஆண்டில் தமது இல்லத்திலேயே இலவச நூலகம் ஒன்றைத் தொடங்கினார். ஊர்ப் பெரியோரும் கல்விமான்களும் அம்முயற்சிக்குத் துணைநிற்க, 1934ஆம் ஆண்டு ஆகத்து மாதம் ஆசுபத்திரி வீதியில் வாடகை அறையொன்றில் 844 நூல்களுடன் நூலகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே நகரசபை அதனைப் பொறுப்பேற்றது. யாழ்ப்பாணம் 1949ஆம் ஆண்டில் மாநகராயிற்று. முதல் மாநகர முதல்வர் சாம் சபாபதியும், புனித பத்திரிசியார் கல்லூரி அதிபர் லோங் அடிகளாரும், பிறரும் நிலையானதொரு கட்டடத்துக்கு உழைத்தனர். இந்திய நூலகவியலின் தந்தையெனப் போற்றப்படும் சீர்காழி எசு. ஆர். இரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். நரசிம்மன் என்னுஞ் சென்னைக் கட்டடக் கலைஞர் திராவிட முறையில் வரைபடம் அமைத்தார். 1959ஆம் ஆண்டு அற்றோபர் 11ஆம் நாள் அன்றைய மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பா அதனைத் திறந்துவைத்தார். சிறுவர் பகுதி 1967ஆம் ஆண்டிற் சேர்ந்தது.

இரங்கநாதன் 1931ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலகவியல் விதிகள் ஐந்தனுள் முதலாவது, நூல் பயன்படுத்தற்கேயுரியது என்பதாகும். ஐந்தாவது, நூலகம் வளருமோர் உயிர் என்பதாகும். அவர் வெறும் ஏட்டறிஞர் அல்லர். அதே 1931ஆம் ஆண்டில், மன்னார்குடியை அடுத்த மேலவாசல் என்னும் ஊரிற் கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர்தோறுங் கொண்டுசெல்லும் நடமாடும் நூலகத்தைத் தொடங்கியபொழுது, அதனைத் தொடங்கிவைத்தவர் இரங்கநாதனே. அவர்தம் நெடிய உழைப்பின் பயனாகச் சென்னை மாகாணத்தில் 1948ஆம் ஆண்டிற் பொதுநூலகச் சட்டம் நிறைவேறிற்று. நூலகத்துக்கென வரியொன்றும் விதிக்கப்பட்டது. ஈழத்திலோ பொதுநூலகங்கள் மாநகர, நகர, பிரதேச சபைகளின் பொறுப்பிலுள்ளன. 1970ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய நூலக சேவைகள் சபை அவற்றுக்கு வழிகாட்டிற்று. ஆகவே செல்வமுள்ள சபையின் நூலகம் செழிக்க, வறிய சபையின் நூலகம் வாடுதல் இயல்பாயிற்று. ஆனையிறவுக்கு வடக்கே பச்சிலைப்பள்ளியும் தெற்கே கரைச்சியும் இவ்வேறுபாட்டை நன்கறியும்.

1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் இரவு தொடங்கி மறுநாட் காலைவரை யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலின் பொருட்டு நகருக்கு அனுப்பப்பட்டிருந்த பொலிசாரும் அவரோடு சேர்ந்தோரும் வைத்த தீயில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அந்நாள்களிலேயே ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் பூபாலசிங்கம் புத்தகசாலையும் எரிக்கப்பட்டன. நூலகமும் அச்சகமும் புத்தகக்கடையும் ஒருங்கே தீக்கிரையானமை, தீ வைத்தோர் எதனை அழிக்க எண்ணினர் என்பதற்குத் தக்க சான்றாகும்.

இங்கு ஒரு வினா எழும். எரிந்தவற்றுள் அச்சு நூல்கள் பலவற்றை மீட்டும் வாங்கலாமே, பின் ஏன் அத்துணைத் துயர்? மீட்டும் வாங்கற்கியலாதனவும் அங்கிருந்தன என்பதே விடை. ஓலைச்சுவடிகளும், பழைய இதழ்த் தொகுதிகளும், உள்ளூரிற் சில நூறு படிகளே அச்சாகி மறைந்த சிறு நூல்களும் அங்கே சேர்க்கப்பட்டிருந்தன. ஓரிடத்திற் சேர்த்தமையாற் பயன் பெருகிற்று; ஓரிடத்தில் மட்டும் இருந்தமையால் இழப்பும் முழுமையாயிற்று. பெயர்த்தெழுதும் பழைய மரபு அச்சு வந்தபின் நின்றுபோனது. ஆனால் அருகிவிட்ட அச்சு நூலும் ஏட்டின் நிலையையே அடைகின்றது என்பதை அக்காலம் உணரவில்லை.

பின்னர் வந்த போர் வாயிலை அடைத்தது. 1990ஆம் ஆண்டு தொடங்கிக் கண்டி வீதி ஆனையிறவில் மக்கள் போக்குவரத்துக்கு மூடுண்டது. 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளில் இவ்வெளி பெரும்போர்க்களமாயிற்று. குடாநாட்டு மக்கள் கிளாலிக் கடனீரேரியைப் படகிற் கடந்தனர். தாளுக்கும் மைக்குந் தட்டுப்பாடு நேர்ந்தபொழுது நாளிதழ்கள் கோடிட்ட அப்பியாசக் கொப்பித் தாள்களில் அச்சாகின. 1995ஆம் ஆண்டின் பெருமிடப்பெயர்விலும், 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வுகளிலும் உயிரைக் காக்க ஓடினோர் நூலைச் சுமத்தல் யாங்ஙனம்? பள்ளி நூலகங்களும் சனசமூக நிலைய வாசிகசாலைகளும் வீட்டு அலுமாரிகளும் வன்னி நெடுகிலும் அழிந்தன. யாழ்ப்பாணத்து இழப்பை உலகு அறியும். வன்னியின் இச்சிறு சிறு இழப்புக்களை எண்ணி எழுதினார் இலர்.

யாழ்ப்பாண நூலகம் திருத்தப்பெற்று 2004ஆம் ஆண்டில் மீண்டும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஆயினும் கட்டடம் எழுந்தாற்போல ஏடுகள் எழா. அக்குறையை நிரப்ப எழுந்ததே எண்ணிம நூலக முயற்சி. தமிழகத்தில், கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்களின் சேகரிப்பைக் கொண்டு 1994ஆம் ஆண்டில் அமைந்த ஆராய்ச்சி நூலகம் அரிய நூல்களை நுண்படச் சுருள்களிற் படியெடுத்து வழிகாட்டிற்று. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாக வழங்கத் தொடங்கிற்று. 2005ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டி ஈழத்து நூல்களுக்கென ‘நூலகம்’ என்னும் எண்ணிமத் திட்டம் தன்னார்வ இளைஞராற் பிறந்தது. 2010ஆம் ஆண்டில் அது நிறுவனமாகப் பதிவுபெற்றது. நூல், இதழ், பத்திரிகை, பாடசாலை மலர், நினைவு மலர் எனப் பலவகை ஆவணங்களும் மின்வருடப்பட்டு இன்று இலட்சத்தின் மேலாகக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. நோக்குமிடத்து, இது முன்னோரின் பெயர்த்தெழுதற் கலையே. எழுத்தாணியின் இடத்தை ஒளிக்கருவி கொண்டது, அவ்வளவே.

இதன் பயனை மிக உணர்வோர் யார்? பல்கலைக்கழக மண்டபத்துள் அமரும் பேறு பெற்றோர்க்கு அதன் நூலகம் உண்டு. பகலிற் பள்ளியிற் கற்பித்து, இரவில் விளக்கொளியிற் பயின்று, வெளிவாரிப் பட்டத்துக்குத் தோற்றும் ஆசிரியர்க்குப் பொதுநூலகமே பல்கலைக்கழகம். இக்கட்டுரையாளனும் அவ்வழி வந்தவனாதலின் இதனைத் துணிந்து கூறலாம். அன்று ஒரு நூலைக் காண ஒருநாட் பயணம் வேண்டியிருந்தது. இன்று அந்நூல் கைத்தொலைபேசியில் வருகின்றது.

எனினும் எண்ணிமத்தை அழிவற்றதென மயங்குதல் தகாது. அதற்கு மின்சாரம் வேண்டும். சேமிப்புக் கணினிக்கு ஆண்டுதோறும் பணம் வேண்டும். பழைய கோப்பு வடிவங்களைப் புதியனவாக மாற்றும் ஆள்வலி வேண்டும். இணையக் கட்டணஞ் செலுத்தவியலாத உப்பளத் தொழிலாளியின் பிள்ளைக்கு எண்ணிம நூலகமும் அடைத்த வாயிலே. மேலும், படி எடுக்கப்படாத நூல் இணையத்தில் இல்லை. இணையத்தில் இல்லாதது இல்லவேயில்லை என இளையோர் கருதுதல் பேராபத்து.

ஆதலின் பிரதேச நூலகம் அழியத் தக்கதன்று. அதன் கடமை இரட்டித்தது என்க. ஒன்று, கணினியையும் இணையத்தையும் கட்டணமின்றித் தந்து, தேடும் முறையைக் கற்பித்தல். மேலவாசல் மாட்டுவண்டி செய்த பணியை இக்காலக் கருவியாற் செய்தல் அது. மற்றொன்று, தன் ஊரின் ஏட்டைத் தானே தேடிச் சேர்த்தல். இரணைமடு நீரை நம்பி எழுந்த குடியேற்றங்களின் காணிப் பத்திரங்கள், கமக்காரர் சங்கக் குறிப்புக்கள், உப்பளத் தொழிலாளர் நினைவுகள், கோயிற் கணக்குகள், பாடசாலைச் சம்பவத் திரட்டுப் புத்தகங்கள் என்பன வன்னி வரலாற்றின் மூலங்கள். இவை எந்தத் தலைநகர் நூலகத்திலும் இல்லை. இவற்றை வைத்திருக்கும் முதியோரோ நாடோறுங் குறைகின்றனர்.

மாணவர் இதற்குப் பெரும்பொருள் தேடவேண்டுவதில்லை. விடுமுறையில் ஒருவர் ஓர் இல்லத்துக்குச் சென்று, உரியவர் இசைவுடன் ஓர் ஏட்டை ஒளிப்படியெடுத்து, இன்னாரிடம் இன்ன நாளில் எடுத்தது எனக் குறித்து, ஒரு படியைப் பள்ளியிலும், ஒன்றைப் பிரதேச நூலகத்திலும், ஒன்றை எண்ணிம நூலகத்திலுஞ் சேர்ப்பாராயின், அவ்வேடு மூன்றிடங்களில் வாழும். 1981ஆம் ஆண்டின் தீ நமக்குக் கற்பித்த பாடம் இதுவே. ஒரு வாயிலை அடைக்கலாம். ஒரு கட்டடத்தை எரிக்கலாம். பல கைகளிற் பரந்து கிடக்கும் ஏட்டை எவரும் ஒருசேர அழித்தல் அரிது.