யூனியனா, மிஷனா, உறவின்முறையா?

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் விடுதியில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்ட கேள்வி ஒன்று உண்டு: "நீ எந்தப் பள்ளிக்கூடம்லே?" யூனியன் பள்ளி, மிஷன் பள்ளி, சாமியார் பள்ளி, உறவின்முறைப் பள்ளி என்று பதில் வரும். அந்தப் பதில்களுக்குள்ளே கொற்கைக் கரையின் சரித்திரமே அடங்கியிருந்தது. அன்று நமக்கு அது தெரியாது.

பாண்டியர்களின் முத்துத் துறைமுகமான கொற்கை, தாமிரபரணி வண்டலால் கடலை விட்டு உள்ளே தள்ளிப்போன சிற்றூர். துறைமுகம் காயலுக்கும், பிறகு புன்னைக்காயல், தூத்துக்குடிக்கும் நகர்ந்தது. இந்தக் கரையில் ஊழியம் செய்த அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது, பதினாறே பக்கம். தமிழ் அச்சுக்குப் பணம் கொடுத்து உதவியவர்கள் முத்துக் குளித்த நம் பரதவ மக்கள். எழுத்துக்குக் காசு கொடுக்கிற பழக்கம் இந்தக் கரைக்கு அன்றே உண்டு.

1842-இல் சாயர்புரம் வந்த ஜி.யு. போப் அங்கே செமினரியை உருவாக்கினார். நாசரேத்தை மர்காஷிஸ் ஐயர் கல்வி ஊராக்கினார். தூத்துக்குடியில் ஒரு பக்கம் கத்தோலிக்கரின் சேவியர் பள்ளி, மறுபக்கம் கால்டுவெல் பள்ளி. ஓட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்த வ.உ.சி. இரண்டிலும் படித்தவர். வியாபாரிகள் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை ஒதுக்க, உறவின்முறைப் பள்ளிகள் எழுந்தன. காயல்பட்டினத்தில் முஸ்லிம் பெரியவர்கள் பள்ளிகள் கண்டார்கள்.

இவர்கள் எட்டாத ஊர்களுக்கு வந்தது ஜில்லா போர்டு. 1958 பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு ஊர்த் தொடக்கப்பள்ளிகள் யூனியன் கைக்கு வந்தன. அதற்கு முன்பே, 1956-இல், காமராஜரின் மதிய உணவுத் திட்டம் நம் எட்டயபுரத்தில் தொடங்கியது. 1981-இல் யூனியன் ஆசிரியர்கள் அரசு ஊழியரானார்கள். 1986 அக்டோபர் 20-இல் நெல்லையிலிருந்து தனி மாவட்டமானோம். தூத்துக்குடி, கோவில்பட்டி என்றிருந்த கல்வி மாவட்டங்களோடு 2018-இல் திருச்செந்தூரும் சேர்ந்தது. ஆக, நம்முடைய கல்வி மாவட்டம் ஒரே கையால் கட்டிய வீடல்ல. ஆளுக்கொரு அறை கட்டிச் சேர்த்த வீடு.

நான் படித்தது யூனியன் பள்ளியில். ஒரே ஹால், ஐந்து வகுப்பு, இரண்டு சார்வாள். பெரிய சார்வாள் காலையில் வீடு வீடாக வருவார். "ஆச்சி, பேரனை அனுப்புங்க. மத்தியானச் சோறு அங்கேயே உண்டு" என்பார். ஆச்சி என்னை அனுப்பியது சோற்றுக்காகத்தான். படிப்பு கூடவே வந்து ஒட்டிக்கொண்டது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது எட்டிப் பார்த்தேன். கட்டடம் புதுசு, கழிப்பறை உண்டு, பிள்ளைகள் ஒன்பது பேர். மற்றவர்களை டவுன் பள்ளி வேன் வாசலிலேயே வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் பிள்ளைகளும் வேனில் போனவர்கள்தான்.

நண்பர்களே, நம் சங்கம் கல்லூரிக்குச் செய்வதெல்லாம் சரிதான். ஆனால் அந்த ஒற்றை ஹாலைத் தாண்டித்தான் நாம் கல்லூரிக்கு வந்தோம். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது கோயிலுக்கும் மாதா கெபிக்கும் போய்விட்டு, அந்தப் பள்ளிக்கூடத்துப் படியையும் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். என்ன குறைகிறது என்று டீச்சரிடம் கேளுங்கள். மகமை என்பது வேறொன்றுமில்லையே!