போகம்பரையில் ஒரு மெச்

குட்ஷெட்டில் பஸ்ஸால் இறங்கி மார்க்கட் பக்கம் நடந்தால் போகம்பரை மைதானம் வரும். கெம்பஸுக்கு வந்த நாளிலிருந்து அதைக் கடந்துதான் போகிறோம். அது யாருடைய மைதானம் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தது எங்களுக்குள் வந்த ஒரு வாக்குவாதம். கொழும்பில் ரக்பி விளையாடும் சீ.ஆர். அன்ட் எப்.சி. கிளப்பின் பெயரில் 'புட்போல்' எதற்கு? ரக்பி வேறு, புட்போல் வேறுதானே?

இன்றைக்கு வேறு. விக்டோரியா மகாராணி காலத்தில் அப்படியில்லை. 1863 இல் இங்கிலாந்தில் உதைபந்தாட்டச் சங்கம் தொடங்கியது. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்தை விரும்பியவர்கள் 1871 இல் ரக்பி யூனியனை அமைத்தார்கள். இரண்டு பகுதியும் தங்கள் ஆட்டத்தை 'புட்போல்' என்றுதான் சொன்னது. 1879 இல் கொழும்பில் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய 'கொழும்பு புட்போல் கிளப்' விளையாடியதும் ரக்பிதான். அந்தப் பெயரில் இப்போது கிளப் இல்லை. கொழும்பு ஹொக்கி அன்ட் புட்போல் கிளப்புக்குள் அது கரைந்துபோய்விட்டது. இலங்கையர்கள் தங்களுக்கென்று சீ.ஆர். அன்ட் எப்.சி.யை அமைத்தது 1922 இல். அந்தப் பெயரின் முதல் எழுத்து 'சிலோனீஸ்' என்பதைக் குறிக்கிறது. எங்களுக்கும் ஒரு கிளப் வேண்டும் என்ற ரோசம் அந்த ஓர் எழுத்திலேயே இருக்கிறது.

அப்படியென்றால் 1922 வரை இலங்கையர் அந்தப் பந்தைத் தொடவே இல்லையா? தொட்டார்கள். அதுவும் கண்டியில், கிளப் எதுவும் இல்லாமல்.

1891 மே மாதம் லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் என்ற பறங்கியர் சமூகத்து ஆசிரியர் பெவிலியன் வீதியில் ஒரு பாடசாலையைத் திறந்தார். பெயர் 'போய்ஸ் ஹை ஸ்கூல்'. முதல் நாள் வந்த பிள்ளைகள் 11 பேர். ரக்பிக்கு ஒரு பக்கத்துக்கே 15 பேர் வேண்டும்! ஆனாலும் மனுஷன் அதே ஆண்டில் போகம்பரையில் பையன்களுக்கு ரக்பி பழக்கத் தொடங்கிவிட்டார். இலங்கையில் பாடசாலை ரக்பியின் பிறப்பு அதுதான். 'போய்ஸ் ஹை ஸ்கூல்' என்ற பெயரும் நிலைக்கவில்லை. 1898 இல் அது கிங்ஸ்வூட் கல்லூரி ஆனது.

பழகினால் போதுமா, எதிரே ஒரு டீம் வேண்டுமே. இலங்கையின் முதல் பாடசாலை ரக்பி மெச் நடக்க 1906 வரை, முழுசாக 15 வருடம், போனது. கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் போகம்பரையில் மோதின. 6-க்கு 6, சமநிலை. பிளேஸ் தானே ஒரு காலத்தில் திரித்துவத்தில் படித்தவர் என்பதால், யார் தோற்றிருந்தாலும் அவருக்குக் கொஞ்சம் வலித்திருக்கும் என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம்.

அந்த மெச் நடந்த இடத்துக்கு இன்னும் பழைய கதை உண்டு. அது ஒரு குளம். 1814 இல் எஹலப்பொல குமாரிஹாமி மூழ்கடித்துக் கொல்லப்பட்டது போகம்பரைக் குளத்தில்தான் என்று எல்லோரும் பாடத்தில் படித்திருப்போம். அடுத்த ஆண்டே கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. கொல்லச் சொன்ன மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூரில் சிறை இருந்து இறந்தான். பிறகு குளம் நிரப்பப்பட்டது. பக்கத்தில் 1876 இல் போகம்பரைச் சிறைச்சாலை எழும்பியது. சிறை 2014 இல் மூடப்பட்டுவிட்டது. மைதானம் மட்டும் இன்னும் மைதானமாகவே இருக்கிறது.

திரித்துவக் கல்லூரி அஸ்கிரியவில் மலைச் சரிவை வெட்டித் தனக்கென்று ஒரு மைதானம் அமைத்தது. 1983 முதல் 2007 வரை அங்கே டெஸ்ட் கிரிக்கெட் நடந்தது. முரளிதரன் ஷேன் வோர்னின் சாதனையைத் தாண்டியதும் அங்கேதான். பிறகு டெஸ்ட் மெச்கள் பல்லேகலைக்குப் போய்விட்டன. ஆனாலும் அஸ்கிரிய மறக்கப்படாது. கல்லூரி இருக்கிறது, ஸ்கோர் இருக்கிறது, படம் இருக்கிறது.

எங்களை உறுத்துவது இதுதான். கிளப் செத்தாலும் அதன் கதை பிழைக்கும், யாராவது எழுதி வைத்திருந்தால். தோட்டத்துரைமாரின் கிளப்புகளுக்கு, உதாரணமாக டிக்கோயாவின் தரவளை கிளப்புக்கு, வரலாறு இருக்கிறது. நம் ஆட்கள் அந்த வாசலுக்குள் போனது வேலைக்கு. ஆனால் வேலை முடிந்த பின்னேரங்களில் லயத்துக்குக் கீழே, தேயிலைக்கும் ஆற்றுக்கும் நடுவிலே கிடைத்த துண்டு நிலத்தில் நம் தாத்தாமாரும் பந்து உதைத்தார்கள்தானே? அந்த டீம்களுக்கும் பெயர் இருந்திருக்கும், கப்டன் இருந்திருப்பார், பக்கத்துத் தோட்டத்தோடு சண்டையும் இருந்திருக்கும். அதற்கெல்லாம் எங்கே பதிவு?

பதினொரு பிள்ளைகளோடு தொடங்கிய பாடசாலையின் ஆட்டம் இன்று நமக்குத் தெரிகிறதென்றால், அது பதிவானதால்தான். இந்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது தாத்தாவிடம் ஒருக்கா கேளுங்கள்: உங்கள் டீமுக்கு என்ன பெயர்? எங்கே விளையாடினீர்கள்? அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது? சொல்வதை அப்படியே எழுதி வையுங்கள். நாங்களும் தொடங்கியிருக்கிறோம்.