கடல் சோதித்த பொருள்கள்: புதுச்சேரிக் கரையின் ஒரு வரலாறு

புதுச்சேரியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் துய்ப்ளேயில் தொடங்குவர். அல்லது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் தொடங்குவர். முற்றுகைகள், உடன்படிக்கைகள், ஆளுநர்களின் வரிசை என அவ்வரலாறு நகரும். அந்நகரின் கரையில் நின்ற பொருள்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. மரம், இரும்பு, காங்கிரீட், கண்ணாடியிழை என நான்கு பொருள்கள் அடுத்தடுத்து அந்தக் கடலின் முன் நிறுத்தப்பட்டன. ஒவ்வொன்றையும் கடல் தன் போக்கில் சோதித்தது. பொருள்களின் வலிமையை அளந்து சொல்லும் அறிவியலும் ஏறக்குறைய இதே காலத்தில்தான் ஐரோப்பாவில் உருப்பெற்றது. ஆய்வுக்கூடத்தின் சோதனையையும் கடலின் சோதனையையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையில் நாம் செய்ய முயல்வது.

புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கடற்கரை அம்பு போல் நேராக ஓடுகிறது. அலைகள் கரைக்கு அருகில் வந்து உடைகின்றன. ஆகவே கப்பல்கள் தொலைவில், ஆழமான நீரில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் அங்கிருந்து படகில் கரை சேரவேண்டும். பிள்ளையின் நாட்குறிப்பு முழுவதும் கப்பல் வந்த செய்தியும் போன செய்தியும் நிறைந்திருப்பதை வாசகர் அறிவர். அந்தக் கப்பல்களுக்கும் கரைக்கும் இடையிலிருந்த சிறு தொலைவே பயணத்தின் ஆபத்தான பகுதி என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அந்தத் தொலைவைக் கடக்க உதவியது சலங்கு. ஆங்கிலேயர் இவ்வகைப் படகை மசூலா என்றனர். பிரெஞ்சுக்காரர் சலங்கு என்னும் தமிழ்ச் சொல்லையே தம் நாவுக்கேற்பத் திரித்து எடுத்துக்கொண்டனர்.

சலங்கில் ஆணி கிடையாது. பலகைகளின் விளிம்புகளில் துளையிட்டு, இடையே நார் வைத்து, தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். உள்ளே விலா எலும்பு போன்ற சட்டங்களும் இல்லை. முதன்முதலில் அதில் ஏறிய ஐரோப்பியருக்கு அது பலவீனமான படகாகவே தோன்றியிருக்கும். அலை தூக்கி மணலில் அறையும்போது அதன் பலகைகள் நெளியும். தையல்கள் சற்றே இளகிக் கொடுக்கும். அடியின் வேகம் அந்த நெளிவிலேயே கரைந்துபோகும். ஆணி அடித்து இறுக்கிய படகுக்கு அவ்வாறு இளகிக்கொடுக்க வழியில்லை. அடி முழுவதும் ஓரிடத்தில் இறங்கும், அவ்விடம் பிளக்கும். 

இங்கே இரண்டு குணங்களைப் பிரித்தறிய வேண்டும். மெல்ல மெல்ல ஏற்றப்படும் சுமையை எவ்வளவு தாங்கும் என்பது ஒன்று. திடீரென விழும் அடியை முறியாமல் எவ்வளவு உள்வாங்கும் என்பது மற்றொன்று. முன்னதை வலிமை என்போம். பின்னதை உரம் என்போம். கண்ணாடிக்கு வலிமை உண்டு, உரம் இல்லை. சலங்குக்கு உரம் உண்டு, அதைக் கட்டியவர் அதை எண்ணால் அளந்ததில்லை.

1866ஆம் ஆண்டு புதுச்சேரிக் கரையிலிருந்து கடலுக்குள் ஏறத்தாழ 250 மீட்டர் நீளும் இரும்புத் துறைப்பாலம் ஒன்று எழுந்தது. சரக்கை அலை உடையும் எல்லைக்கு அப்பாலேயே ஏற்றி இறக்குவது அதன் நோக்கம். அந்தப் பத்தாண்டில் பிரெஞ்சு இந்தியாவின் தலைமைப் பொறியாளராக இருந்தவர் லாமெரெஸ் என்பவர். தென்னிந்திய மக்கள் பாடல்களைப் பிரெஞ்சில் வெளியிட்டவரும், பின்னாளில் காமசூத்திரத்தைப் பிரெஞ்சில் தந்தவரும் இவரே என்பது இலக்கிய வாசகருக்குச் சுவையான செய்தியாக இருக்கலாம்.

அதே 1866ஆம் ஆண்டு, லண்டனில் டேவிட் கிர்க்கால்டி என்னும் ஸ்காட்லாந்துக்காரர் பொருள்களைச் சோதித்துச் சொல்வதையே தொழிலாகக் கொண்டு ஒரு கூடத்தைத் திறந்தார். 100 டன்னுக்கும் மேல் எடையுள்ள ஒரு பெரிய பொறியில் இரும்புத் துண்டைப் பூட்டி, நீரழுத்தத்தால் இழுத்து, எத்தனை டன்னில் அது அறுகிறது என்று அளப்பார். கருத்துகள் வேண்டாம், உண்மைகளே வேண்டும் என்ற பொருளில் ஒரு வாசகத்தைப் பின்னாளில் தம் கட்டட வாயிலில் பொறித்து வைத்தார். 1879 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் டே பாலம் புயலில் சரிந்து ஒரு ரயிலே ஆற்றுக்குள் போனபோது, மீட்டெடுத்த வார்ப்பிரும்பு உறுப்புகள் அவரிடம்தான் சோதனைக்கு வந்தன. எதிர்பார்த்த சுமையைவிட மிகக் குறைந்த சுமையிலேயே அவை முறிந்தன. பாலம் நின்றபோது கேட்டிருக்க வேண்டிய கேள்வியைப் பாலம் விழுந்தபின் கேட்டார்கள்.

கிர்க்கால்டியின் பொறி முதன்மையாக வலிமையை அளந்தது. ஆனால் அலை, பொருளை மெல்ல இழுப்பதில்லை, அறைகிறது. கப்பல்களும் அப்படியே. சென்னையில் 1861இல் கட்டிய இரும்புத் துறைப்பாலம், புயலில் அலைக்கழிந்த கப்பல் மோதி உடைந்ததுண்டு. திடீர் அடியை அளக்க ஒரு முறை தேவைப்பட்டது. அதற்குச் சீரான வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவர் ஜார்ஜ் ஷார்பி என்னும் பிரெஞ்சுப் பொறியாளர். 1901இல் அவர் முன்வைத்த முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஒரு கனத்த ஊசலைக் குறிப்பிட்ட உயரத்திலிருந்து விடுவிப்பார்கள். அது கீழிறங்கி, குறுக்கே வைத்த சிறு உலோகக் கட்டையை முறித்து, மறுபுறம் ஏறும். எவ்வளவு உயரம் குறைவாக ஏறுகிறதோ அவ்வளவு ஆற்றலை அக்கட்டை விழுங்கியிருக்கிறது என்று கணக்கிடலாம். கட்டையின் நீளம் 55 மில்லிமீட்டர், பக்கம் 10 மில்லிமீட்டர். அதன் நடுவில் வேண்டுமென்றே ஒரு சிறு வெட்டுத்தடம் இட்டிருப்பார்கள். மெய்யுலகில் குறையற்ற பொருள் இல்லை. ஏதேனும் ஒரு கீறல் எங்கோ இருக்கும். அந்தக் கீறலோடு சேர்த்தே பொருளைச் சோதிக்கவேண்டும் என்னும் தெளிவு அந்தச் சிறு தடத்தில் அடங்கியிருக்கிறது.

ஷார்பியின் ஊசல் ஒருமுறைதான் அடிக்கும். புதுச்சேரிக் கடலோ அரை நிமிடத்திற்குள் பலமுறை அடிக்கும், இரவும் அடிக்கும். அத்துடன் உப்பையும் சேர்த்துத் தடவும். இரும்புத் தூண் முழுநேரமும் நீருக்குள் இருக்கும் இடத்தைவிட, நனைந்தும் காய்ந்தும் மாறிமாறி நிற்கும் இடத்தில் விரைவாக அரிக்கப்படும். பாலம் 86 ஆண்டுகள் தாங்கி நின்று, 1952ஆம் ஆண்டுப் புயலில் அழிந்தது. அழித்தது அந்த ஒரு புயல்தான் என்று எழுதுவது வழக்கம். அதற்கு முந்தைய 86 ஆண்டுகளின் துருவும் அந்தப் புயலின் கூட்டாளி என்றே நாம் கொள்ளவேண்டும்.

அடுத்த பாலம் காங்கிரீட்டால் ஆனது. 1962இல், புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த அதே ஆண்டில், பழையதற்குத் தெற்கே அது பயன்பாட்டுக்கு வந்தது. காங்கிரீட்டின் வலிமையைச் சோதிக்கும் முறை எந்தக் கட்டட மேஸ்திரிக்கும் தெரிந்ததே. 15 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரக் கட்டியை வார்த்து, 28 நாள் நீரில் ஊறவைத்து, நசுக்கிப் பார்ப்பார்கள். அந்த எண் ஒத்துவந்தால் காங்கிரீட் தேறியது. ஆனால் தேறியது 28 நாள் வயதுள்ள ஒரு கட்டி. கடலுக்குள் 60 ஆண்டு நின்ற தூணைப்பற்றி அது எதுவும் சொல்வதில்லை. உப்பு, காங்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மெல்ல ஊடுருவி உள்ளிருக்கும் கம்பியை அடைகிறது. கம்பி துருவேறுகிறது. துரு, தான் பிறந்த இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். உள்ளிருந்து காங்கிரீட்டைப் பிளக்கும். வெளிப்பூச்சு விழும்வரை உள்ளே நடப்பது தெரியாது. 2022 மார்ச்சில் கடல் கொந்தளித்தபோது அப்பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது.

நான்காவது பொருள் கண்ணாடியிழை. மீனவர் வழக்கில் பைபர் படகு. கண்ணாடி நூலிழைகளைப் பாயாக விரித்து, பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக ஒட்டிக் கட்டுவது. துருப்பிடிக்காது, மக்காது, எடை குறைவு, இயந்திரம் பூட்டலாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வந்த படகுகளில் பெரும்பாலானவை இவ்வகையே. வம்பாக்கீரப்பாளையம், குருசுக்குப்பம், வீராம்பட்டினம் என நகரத்தையும் அதன் ஓரத்தையும் சேர்ந்த குப்பங்களில் கட்டுமரத்தின் இடத்தைப் பைபர் படகு பிடித்துக்கொண்டது. இன்றைய விமானச் சிறகுகளில் பயன்படும் கரிமயிழைக் கூட்டுப்பொருளுக்கு இது எளிய உறவினன்.

இந்தக் குடும்பத்துக்கே உரிய நோய் ஒன்று உண்டு. உலோகத்தில் அடி விழுந்தால் குழி விழும், கண்ணுக்குத் தெரியும். இழைப்பொருளில் அடி விழுந்தால் மேற்பரப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். உள்ளே அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துவிடும். விமானத் தொழில் இதைக் கண்டு அஞ்சி, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரட்டைச் சோதனை ஒன்றை வகுத்தது. முதலில் எடையைத் தகட்டின்மீது விழவைத்துக் காயப்படுத்துவது; பிறகு அந்தக் காயத்தோடே அதை அழுத்தி, எஞ்சிய வலிமை எவ்வளவு என்று பார்ப்பது. காயம்படாத பொருளின் வலிமையை அறிந்து பயனில்லை, காயம்பட்டபின் மிஞ்சுவதே கணக்கு என்பதை அத்தொழில் ஏற்றுக்கொண்டது.

விமானத்திற்கு இந்தக் கவனிப்பு கிடைக்கிறது. ஒவ்வொரு நாளும் உடையலையைத் தாண்டிப் போய்வரும் படகுக்கு யார் இதைச் செய்கிறார்கள்? 1980களின் இறுதியில் கட்டப்பட்ட துறைமுகத்தின் அலைத்தடுப்புகள் மணலின் வடதிசை ஓட்டத்தை மறித்தன. நகரின் முன்னிருந்த மணற்கரை அரிக்கப்பட்டது. அதன் இடத்தில் பாறைகள் கொட்டப்பட்டன. முன்பு படகை ஏந்திக்கொண்ட மணல் குறைந்து, கல் கூடியது. மணலில் அறைபடுவதும் கல்லில் அறைபடுவதும் ஒன்றல்ல. அடியில் ஓர் அடுக்கு பிரிந்த படகு, கரையில் புதிதுபோலவே நிற்கும். நடுக்கடலில் அது திறந்துகொண்டால் அதில் இருக்கும் நான்கைந்து உயிர்கள்தான் அந்தச் சோதனையின் முடிவை முதலில் அறியும்.

இங்கே நாம் சலங்குக்குத் திரும்பவேண்டியிருக்கிறது. அதன் தென்னங்கயிறு உப்புநீரில் நைந்துபோகும். ஆகவே குறித்த கால இடைவெளியில் தையலைப் பிரித்து, பலகைகளைக் கழற்றி, மீண்டும் தைத்தாக வேண்டும். அது அந்தப் படகின் குறை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் அந்தக் குறையின் காரணமாகவே ஒவ்வொரு பலகையும் அவ்வப்போது ஒரு மனிதனின் கையில் வந்து, திருப்பிப் பார்க்கப்பட்டது. படகைச் சோதிப்பது தனியொரு வேலையாக இல்லாமல், படகை வைத்திருப்பதிலேயே அடங்கியிருந்தது. பின்வந்த மூன்று பொருள்களும் நீண்ட காலம் கவனிப்பு வேண்டாத பொருள்கள் என்ற வாக்குறுதியோடு வந்தன. அந்த வாக்குறுதியை நம்பி நாம் கையை எடுத்துக்கொண்டோம்.

சலங்கை மீட்க வேண்டும் என்பது நம் வாதமன்று. பைபர் படகு மீனவரின் உழைப்பைக் குறைத்தது, எல்லையை விரித்தது; அதைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. நாம் வேண்டுவது, அந்தப் பழைய வழக்கத்தைப் புதிய பொருளுக்கும் கொண்டுவருவது. அதற்குப் பெரிய ஆய்வுக்கூடம்கூட முதற்படியில் தேவையில்லை. இழைப்பொருளை ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடம் கணீரென்றும் அடுக்கு பிரிந்த இடம் மந்தமாகவும் ஒலிக்கும். விமானக் கூடங்களிலும் இது ஒப்புக்கொள்ளப்பட்ட முறை. சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இதை யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. பருவத்துக்கு ஒருமுறை குப்பத்தில் படகுகளை வரிசையாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்க்கவும், சந்தேகம் எழுந்த இடத்தைப் பொறியியல் கல்லூரிகளின் கருவிகளுக்குக் காட்டவும் ஓர் ஏற்பாடு இருந்தால், கடல் சோதிக்கும் முன் நாம் சோதித்துவிடலாம்.