மிளகின் பெயரைச் சுமக்கும் காய்

செமினி சந்தையில் "லாடா இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் சிலாங்கூர்க்காரர் என்றால் "லாடா ஈத்தாமா?" என்று மிளகைக் காட்டக்கூடும். கெடாவிலோ கிளந்தானிலோ வளர்ந்தவர் என்றால் மிளகாயை அள்ளித் தருவார். ஒரே சொல்லுக்கு இரண்டு காரம்!

தமிழில் இந்தக் குழப்பம் இல்லையே என்று மார்தட்ட வேண்டாம். நம்முடையது சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. மிளகு, காய் இரண்டும் சேர்ந்து சுருங்கியதுதான் மிளகாய். மிளகைப் போல உறைக்கும் காய் என்று பொருள்.

ஏன் இப்படி ஒரு பெயர்? நம் முன்னோருக்கு மிளகாயே தெரியாது. சங்க காலத்தில் யவனக் கப்பல்கள் முசிறியில் பொன்னை இறக்கிவிட்டு ஏற்றிச் சென்றது மிளகை. அன்று அதற்குக் 'கறி' என்றும் பெயர். மிளகாயின் தாய்வீடு அமெரிக்கக் கண்டம். 1492இல் கொலம்பஸ் புறப்பட்டது மிளகு விளையும் கிழக்கு நாடுகளைத் தேடி, கிடைத்தது மிளகாய். ஸ்பானியர்களும் மிளகின் பெயரையே சற்று மாற்றி அதற்குச் சூட்டினார்கள். போர்த்துக்கீசியர் 1510இல் கோவாவையும் 1511இல் மலாக்காவையும் பிடித்தார்கள். அவர்களுடைய கப்பல் வணிகத்தோடு அந்த நூற்றாண்டில் மிளகாய் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது.

வந்த விருந்தாளிக்குப் பெயர் வைப்பதில் எல்லோரும் ஒரே வழியில்தான் போயிருக்கிறார்கள். தெலுங்கில் மிரபகாய, கன்னடத்தில் மெணசினகாயி. இரண்டுக்கும் பொருள் மிளகுக்காய்தான். மலையாளத்தில் கதை இன்னும் வேடிக்கை. 'முளகு' என்ற பெயரையே மிளகாய் எடுத்துக்கொள்ள, பழைய மிளகு 'குருமுளகு' ஆகிவிட்டது! இந்தோனேசியர் சொல்லும் 'சாபாய்' கூட முன்பு திப்பிலி வகை ஒன்றின் பெயர்.

பல வீடுகளில் திதிச் சமையலில் இன்றும் மிளகாய் சேர்ப்பதில்லை, மிளகுதான். முன்னோர் இலையில் முன்னோர் அறிந்த காரம்!

சரி, நம் வீட்டுப் பிள்ளைகள் "சில்லி" என்கிறார்களே, அது ஆங்கிலமா? இல்லை. மெக்சிகோவின் அஸ்டெக் மக்கள் பேசிய நாவாட்டில் மொழிச் சொல். ஆங்கிலேயருக்கும் அது இரவல்தான். மிளகாய் என்று சொன்னால் அதற்கு முன் இங்கே மிளகு ஆண்டது தெரிகிறது. சில்லி என்றால் அந்தச் செய்தி மறைந்துபோகிறது. நாம் விரும்பிக் கடிக்கும் 'சில்லி பாடி'யிலும் முன்பாதி மெக்சிகோவினுடையது. பின்பாதியான 'பாடி', நெல்லைக் குறிக்கும் மலாய்ச் சொல்.