கியோஸ் மஸ்திக்கா

கியோஸ் மஸ்திக்கா என்பது கிரேக்க நாட்டின் கியோஸ் தீவில், ஒருவகைச் சிறு மரத்தின் பட்டையைக் கீறிப் பெறப்படும் நறுமணப் பிசின் ஆகும். இத்தீவு ஏஜியன் கடலின் கிழக்கு ஓரத்தில், துருக்கிக் கரைக்கு மிக அண்மையில் உள்ளது. மஸ்திக்கா மரம் பிஸ்தா மரத்தின் பேரினத்தைச் சேர்ந்தது. பொதுவாக 2 முதல் 3 மீட்டர் உயரம் வளரும். இதன் உறவுச் செடிகள் நடுநிலக் கடலைச் சுற்றிலும் காட்டுப் புதர்களாகக் காணப்படுகின்றன. எனினும் வணிக அளவில் பிசின் எடுப்பது, தீவின் தென்பகுதியிலுள்ள 24 ஊர்களின் தொழிலாகவே நிலைத்துள்ளது. இவ்வூர்கள் மஸ்திக்கோகோரியா, அதாவது மஸ்திக்கா ஊர்கள், என அழைக்கப்படுகின்றன.

பெயர்

பல்லால் அரைத்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு தொடர்புடையது இப்பெயர். பழங்காலம் முதலே இப்பிசின் வாயிலிட்டு மெல்லப்பட்டு வந்தது. துருக்கியர் இத்தீவையே 'சகிஸ்', அதாவது மெல்லும் பிசின், என்னும் பெயரால் அழைக்கின்றனர். யுனானி மருத்துவத்திலும் தமிழ்நாட்டு நாட்டு மருந்துக் கடைகளிலும் 'ரூமி மஸ்தகி' எனப்படுவது இப்பிசினே. ரூமி என்பது கிழக்கு உரோமப் பேரரசின் நிலத்தைக் குறித்த சொல்.

பிசின் எடுக்கும் முறை

மரங்கள் விதையால் அன்றிப் போத்து நட்டே பெருக்கப்படுகின்றன. பயிரிடப்படுபவை ஆண் மரங்கள். நட்ட ஐந்தாம் ஆண்டளவில் பிசின் எடுக்கத் தொடங்கலாம். நல்ல விளைச்சலுக்கு மேலும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

கோடைத் தொடக்கத்தில் ஒவ்வொரு மரத்தின் அடியையும் பெருக்கித் துப்புரவாக்கி, மெல்லிய வெண்மண்ணைப் பரப்புகின்றனர். இம்மண் சுண்ணாம்புத் தன்மை கொண்டது. விழும் பிசின் இதன்மேல் ஒட்டாமல் தூய்மையாக உலர்கிறது. பின்னர் கூரிய சிறு கருவியால் அடிமரத்திலும் கிளைகளிலும் சிறு கீறல்கள் இடப்படுகின்றன. இவ்வேலை பல வாரங்களுக்குத் தொடரும். ஆழமாகக் கீறினால் மரம் நலியும் என்பதால் இதற்குத் தேர்ந்த கை வேண்டும். கசியும் பிசின் துளித்துளியாக விழுந்து, இரண்டு மூன்று வாரங்களில் இறுகுகிறது. இத்துளிகளைக் 'கண்ணீர்' என்றே அழைப்பர். கி.பி. 251ல் கொல்லப்பட்ட புனித இசிதோருக்காக மரங்கள் அழுதன என்பது தீவின் மரபுக்கதை. இந்நாட்களில் கோடை மழை பெய்தால் விளைச்சல் கெடும்.

வேலையின் பெரும்பகுதி அறுவடைக்குப் பின்னரே உள்ளது. பிசினைச் சலித்து, குளிர்ந்த நீரில் சோப்பிட்டுக் கழுவி, உலர்த்திய பின், குளிர்கால மாதங்களில் ஒவ்வொரு துண்டிலும் ஒட்டிய மண்ணையும் பட்டையையும் சிறு கத்தியால் சுரண்டி எடுப்பர். அண்டை வீட்டுப் பெண்கள் கூடியிருந்து செய்யும் வேலை இது. ஒரு மரம் ஓராண்டில் தருவது பொதுவாக அரைக் கிலோவைக்கூட எட்டாது என்பதை நோக்க, இதன் விலை வியப்பளிப்பதன்று. இவ்வளர்ப்பு முறை 2014ல் யுனெஸ்கோவின் புலனாகாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

வரலாறு

1346 முதல் 1566 வரை தீவு ஜெனோவா வணிகரின் ஆட்சியில் இருந்தது. மஸ்திக்கா வணிகம் அவர்களின் தனியுரிமையாக இருந்தது. களவுக்குக் கடும் தண்டனைகள் விதிக்கப்பட்டன. ஊர்களும் அரண்களாகவே அமைக்கப்பட்டன. வெளிவரிசை வீடுகளின் பின்சுவர்களே மதிலாகவும், நடுவில் ஒரு காவற் கோபுரமும், இடையே குறுகிய சந்துகளும் அமைந்தன. மெஸ்தா என்னும் ஊரில் இவ்வமைப்பை இன்றும் காணலாம். இவ்வரண் குடியானவர்களைக் காத்ததா, அவர்களின் விளைபொருளைக் காத்ததா என்பது கேட்கத்தக்க வினா. இப்பிசினின் மதிப்பை நன்கறிந்த கொலம்பசு, 1493ல் எழுதிய கடிதத்தில், தாம் கண்ட புதிய நிலங்களிலும் மஸ்திக்கா கிடைக்கும் என எசுப்பானிய அரசருக்கு உறுதி கூறினார். அங்கே கியோஸ் மஸ்திக்கா இருக்கவில்லை.

1566ல் தீவு உதுமானியர் வசமானது. 1822ல் உதுமானியப் படைகள் தீவில் நடத்திய படுகொலையில் பல்லாயிரவர் மாண்டனர்; எண்ணற்றோர் அடிமைகளாக விற்கப்பட்டனர். அரண்மனைக்கு மஸ்திக்கா வழங்கிவந்த தென்பகுதி ஊர்கள் பெருமளவுக்குத் தப்பின. 1912ல் தீவு கிரேக்கத்துடன் இணைந்தது. வளர்ப்போரின் கூட்டுறவுச் சங்கம் 1938ல் நிறுவப்பட்டது.

ஊர்களின் கைவினைகள்

பிர்கி என்னும் ஊர் 'க்சிஸ்தா' எனப்படும் சுவர் அலங்காரத்தால் அறியப்படுகிறது. கருமணல் கலந்த சாந்தைச் சுவரில் பூசி, அதன்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, ஈரம் காயுமுன் முள்கரண்டி போன்ற கருவியால் சுரண்டினால் அடியிலுள்ள கருமை வெளிப்படும். முக்கோணம், வட்டம், சாய்சதுரம் முதலிய வடிவங்கள் முகப்பு முழுவதும் வரிசையாக நிரம்பியிருக்கும். இவ்வீடுகளின் மாடங்களில் சிறு தக்காளிகளைச் சரமாகக் கோத்து உலரத் தொங்கவிடுவதும் வழக்கம். அண்மையிலுள்ள அர்மோலியா மட்பாண்டங்களுக்குப் பெயர் பெற்றது.

பயன்கள்

ரொட்டி, இனிப்புகள், மதுபானம், பற்பசை, மெருகெண்ணெய் ஆகியவற்றில் மஸ்திக்கா சேர்க்கப்படுகிறது. மஸ்திக்கா மணமூட்டிய வெண்ணிறச் சர்க்கரைப் பாகைக் கரண்டியோடு குளிர்ந்த நீரில் அமிழ்த்தித் தருவது கிரேக்கரின் விருந்தோம்பல் முறைகளுள் ஒன்று. அதற்கு 'நீர்மூழ்கி' என்று பெயர். செரிமானக் குறைவுக்கும் சிறு தோல் அழற்சிக்கும் உரிய மரபு மூலிகை மருந்தாக ஐரோப்பிய மருந்துகள் முகமை 2015ல் இதனை ஏற்றது. நீண்டகாலப் பயன்பாட்டின் அடிப்படையில் அமைந்த ஏற்பு இது. மருத்துவச் சோதனைகளால் நிறுவப்பட்டதாகக் கொள்ளலாகாது.

இன்றைய நிலை

கியோஸ் மஸ்திக்கா என்னும் பெயர் 1997 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பைப் பெற்றுள்ளது. எதிர்க்கரையில் துருக்கியின் செஷ்மே பகுதியிலும் இம்மரங்களை நடும் முயற்சிகள் நடந்துள்ளன. ஆனால் தோப்புகளுக்கு நேரும் பெருந்தீங்கு போட்டியன்று, தீயே. 2012 ஆகத்தில் பரவிய காட்டுத்தீ தென்பகுதித் தோப்புகள் பலவற்றை அழித்தது. எரிந்த இடத்தில் அடுத்த ஆண்டே போத்து நட்டாலும், முதல் கீறலுக்கு ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பிர்கிக்கு அருகே மஸ்திக்கா அருங்காட்சியகம் ஒன்று 2016ல் திறக்கப்பட்டது.