பிறந்த இடமா, பிறந்த தேதியா? ஒரு பச்சைக் குழந்தையின் குடியுரிமைக் கதை

1/ புதுச்சத்திரத்தில் என்கிட்ட பிரஷர் மாத்திரைக்கு வர்ற ஒரு அம்மா, போன வாரம் பேரன் போட்டோவைக் காட்டினாங்க. மகனும் மருமகளும் ஆஸ்திரேலியாவில் வேலை. பி.ஆர். எனப்படும் நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கு விண்ணப்பித்துக் காத்திருக்காங்க.

"ஏனுங்க டாக்டர், பேரன் அங்கயே பொறந்துட்டான். இனி அவன் அந்த நாட்டுக்காரன்தானுங்களே?"

2/ இல்லைங்கம்மா. பிறக்கும்போது அப்பா அம்மாவில் ஒருத்தராவது அந்த நாட்டுக் குடிமகனாகவோ பி.ஆர். வாங்கினவராகவோ இருக்கணும். "விண்ணப்பிச்சிருக்கோம்" என்பது கணக்கில் வராது. பெற்றோர் கையில் என்ன விசாவோ, அதே விசாதான் குழந்தைக்கும்.

அந்தம்மாவுக்கு முகமே வாடிப்போச்சு. ஆனா அவங்க கேட்டது தப்பான கேள்வி இல்லைங்க. 40 வருஷத்துக்கு முன்னாடி அவங்க சொன்னதுதான் சட்டம்!

3/ கதை 1608இல் தொடங்குது. ஸ்காட்லாந்து மன்னர் ஜேம்ஸ் 1603இல் இங்கிலாந்துக்கும் மன்னராகிறார். அதன்பின் 1605இல் ஸ்காட்லாந்தில் பிறந்த ஒரு குழந்தைக்கு இங்கிலாந்தில் நிலம் வைத்திருக்க உரிமை உண்டா? இதுதான் வழக்கு. மன்னரின் ஆட்சிக்குள் பிறந்த பிள்ளை மன்னரின் குடிதான் என்றது நீதிமன்றம்.

4/ இந்த "மண்ணில் பிறந்தால் போதும்" விதி, பிரிட்டிஷ் ஆட்சி போன இடமெல்லாம் கூடவே போச்சு. அமெரிக்கா 1868இல் அதை அரசியல் சட்டத்திலேயே எழுதியது. சான்பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் அமெரிக்கக் குடிமகன்தான் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1898இல் தீர்ப்புச் சொன்னது.

5/ நம்ம நாடு? 1955 குடியுரிமைச் சட்டம் தாராளமா இருந்துச்சு. 1950 ஜனவரி 26 முதல் இந்தியாவில் பிறந்த எவரும் இந்தியர். வெளிநாட்டுத் தூதர்களின் பிள்ளைகள் மாதிரி சில விலக்குகள் மட்டும். அப்பா அம்மா எந்த நாடு என்று சட்டம் கேட்கவே இல்லை.

6/ அப்புறம் நாலரை வருஷத்தில் மூன்று கதவுகள் வரிசையாக மூடின.

பிரிட்டன்: 1983 ஜனவரி 1
ஆஸ்திரேலியா: 1986 ஆகஸ்ட் 20
இந்தியா: 1987 ஜூலை 1

7/ இந்தியா ஏன் மூடியது? அசாம் போராட்டம் நடந்து, 1985 ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. 1983 ஜூலை வன்முறைக்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் ராமேசுவரம் பக்கம் படகில் வந்து இறங்கிக்கொண்டிருந்தாங்க. சட்டத்திருத்தத்துக்கு அரசு சொன்ன காரணத்தில் வங்கதேசத்தோடு இலங்கையின் பெயரும் இருக்கு.

8/ இதை ஒரு டாக்டராக யோசிச்சுப் பார்க்கிறேன். 1987 ஜூன் 30. ஒரே பிரசவ வார்டில் முகாமிலிருந்து வந்த இரண்டு தாய்மார். ஒரு குழந்தை இரவு 11.50க்குப் பிறக்குது. இன்னொன்று 12.10க்கு. முதல் குழந்தை இந்தியர். இரண்டாவது இல்லை. இருபது நிமிஷம்தான் வித்தியாசம்!

நாங்க கேஸ் ஷீட்டில் சாதாரணமா எழுதுற நேரம், ஒருத்தரோட ஆயுசுக்கும் கூட வருது.

9/ 2004 டிசம்பர் 3 முதல் விதி இன்னும் இறுகியது. பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்கணும். மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது.

10/ இதெல்லாம் எங்கேயோ நடக்கிற கதைன்னு நினைக்காதீங்க. நம்ம நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கு. சேலம் பக்கம் நாகியம்பட்டியிலும் இருக்கு. அங்கே வளர்ற பிள்ளைகள் இங்கேயே பிறந்து, இங்கேயே படிச்சு, நம்ம பேச்சையே பேசுறாங்க. ஆனா தாய் தந்தை இருவரும் இலங்கையர் என்றால் பிறப்பால் இந்தியக் குடியுரிமை கிடையாது.

11/ முகாம்களில் மலையகத் தோட்டத் தொழிலாளர் வழி வந்தவர்களும் இருக்காங்க. 1948 இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அங்கே பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் அங்கே பிறந்திருக்கணும் என்றது. அதை நிரூபிக்கத் தொழிலாளிகளிடம் காகிதம் ஏது? பல லட்சம் பேர் நாடற்றவர் ஆனாங்க.

அதாவது, இலங்கையில் பிறந்த பாட்டி இலங்கையர் இல்லை. இந்தியாவில் பிறந்த பேத்தி இந்தியர் இல்லை.

12/ தேதி காப்பாற்றியவர்களும் உண்டு. 1986 ஏப்ரலில் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், பாஸ்போர்ட் மறுக்கப்பட்டு நீதிமன்றம் போனார். 1987க்கு முன் பிறந்ததால் அவர் பிறப்பாலேயே இந்தியர் என்று 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. 2024 ஏப்ரல் 19 அன்று, 38ஆவது வயதில், முதல் ஓட்டுப் போட்டார். கையில் இருந்த ஆதாரம்? பிறப்புச் சான்றிதழ்.

13/ அதனால் மூன்று விஷயம் சொல்லிடறேன்.

ஒன்று: பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், இங்கே பிறந்த குழந்தையின் பிறப்பை 21 நாளுக்குள் பதியுங்கள். அது குடியுரிமைச் சான்று இல்லை. ஆனா அது இல்லாமல் எதையும் நிரூபிக்க முடியாது.

இரண்டு: வெளிநாட்டில் பிள்ளை பிறந்தால் ஒரு வருடத்துக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதியச் சொல்லுங்கள். "நம்ம புள்ள, தானா இந்தியன்" என்று விட்டுடாதீங்க.

மூன்று: பி.ஆர். விண்ணப்பம் நிலுவையில் இருந்தால், குழந்தை பிறந்ததை உடனே தெரிவித்து விண்ணப்பத்தில் சேர்க்கணும்.

14/ அந்தம்மாகிட்ட இதையும் சொன்னேன்: பேரன் பத்து வயசு வரை அங்கேயே வளர்ந்தால், அந்நாட்டுச் சட்டப்படி பத்தாவது பிறந்தநாளில் தானாகவே குடிமகன் ஆயிடுவான்.

கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "அப்ப பரமத்தி முகாம்ல பொறந்த புள்ளைக்குப் பத்து வயசானா?"

அப்படி ஒரு விதி நம்ம சட்டத்தில் இல்லைங்கம்மா என்றேன்.